ஆள் மாறும் இடம்

1

என் அண்ணன் தேசிங்கு இறந்து இந்த ஆனியோடு பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, காசிமேட்டுப் படகுகள் கடலுக்குக் கிளம்புகிற முதல் வாரத்தில் போனவர். அந்த நாட்களில் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். நான் பதினான்கு வருடமாக வாழ்கிற லே நகரத்தில் அப்போது மழைக்காலத்தின் நடுப்பகுதி. துவைத்த துணி காய ஒரு வாரம் ஆகும். லே என்பது பப்புவா நியூ கினியின் துறைமுக ஊர். சூரை மீனை வேகவைத்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் இங்கே உண்டு. அவற்றில் ஒன்றில், குளிர்பதனப் பிரிவில் நான் மேற்பார்வையாளன்.

வழக்கம் போல என் மனைவி விமலா அண்ணன் படத்துக்கு வேலியோரத்து அலரிப்பூவை வைத்தாள். வஞ்சிரம் கிடைக்காத ஊர் என்பதால் சூரையில்தான் குழம்பு. நானும் மகள் நிலாவும் படத்துக்கு முன்னால் நின்றோம். அவளுக்குப் பதினொரு வயது. லேயில் பிறந்தவள். பெரியப்பாவைப் படத்தில் மட்டுமே தெரியும்.

சாப்பிட்ட பிறகு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். குடும்ப மரம் வரைந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தார்களாம். பெரியப்பாவின் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘என் பெரியப்பா ஐஸ் மிஷினை ஓடவிட்டு, அதில் மாட்டி இறந்துபோனார். அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்.’ ஆசிரியை அதன் ஓரத்தில் ‘மிகவும் வருந்துகிறேன்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள்தான் என்றாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது படத்தைக் காட்டிக் கேட்டதாகவும், நான் அப்படித்தான் சொன்னதாகவும் ஞாபகமாகச் சொன்னாள்.

சொல்லியிருப்பேன். அந்த வாக்கியம் என்னுடையதுதான். இருபத்து மூன்று வயதில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதியது.

2

எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் பன்னிரண்டு வயதிலிருந்து துறைமுகத்து வேலைதான். நான் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து என்னை ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவில் சேர்த்தவரும் அவர்தான். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், குனிந்து படித்துக்கொண்டிருக்கிற என் பிடரியில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அமுக்குவார். ஐஸில் ஊறி வெளுத்த கைகள். நான் துள்ளி எழுந்தால் அண்ணிக்குச் சிரிப்பு தாங்காது. மல்லிகா அண்ணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர்கள் மகள் அமுதாவுக்கு மூன்று. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்ப் பக்கம் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அண்ணன் வேலை செய்தது ஐஸ் நொறுக்குகிற மிஷினில். பெரிய கட்டிகளை மேலே உள்ள வாயில் தள்ளினால், உள்ளே பல் வைத்த உருளை சுற்றி நொறுக்கிக் கீழே தள்ளும். சில சமயம் கட்டி குறுக்கே சிக்கிக்கொள்ளும். அப்போது மிஷினை நிறுத்திவிட்டு, ஆள் உள்ளே இறங்கிக் கம்பியால் நெம்ப வேண்டும். சுவிட்ச் மிஷினுக்குப் பக்கத்தில் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறையில். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் நான் பலமுறை அந்தச் சுவிட்சைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அன்று மதியம் உடல் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது. வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும் என்றார்கள். அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் தரையில் கிடந்தாள். நானும் பாஸ்கரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பாஸ்கர் அண்ணனோடு ஒன்றாக வேலை செய்தவர், கூட்டாளி. விபத்து நடந்தபோது அந்த மிஷினில் அண்ணனோடு வேலையில் இருந்தவர் அவர் மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். எழுத வேண்டிய போலீஸ்காரருக்கு வேறு நான்கு வேலைகள். என்னைப் பார்த்து, படித்தவன்தானே, இவர் சொல்வதை நல்ல தமிழில் நீயே எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாளையும் பேனாவையும் தள்ளினார்.

பாஸ்கர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அண்ணன் உள்ள எறங்குச்சி. எறங்கி கட்டிய நோண்டிகினு கீது. நோண்டிகினு கீதா, சுச்ச போட்டு, மிஷினு சுத்தி, மாட்டிகிச்சிப்பா.”

எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். கடைசியில் சொன்ன வினையையே மறுபடி எடுத்து அடுத்ததைத் தொடங்குவார்கள். எறங்குச்சி, எறங்கி. நோண்டிகினு கீது, நோண்டிகினு கீதா. ஐ.டி.ஐ. வரை போன எனக்கு அது நீட்டி முழக்குகிற பேச்சாகத் தோன்றியது. அதையெல்லாம் வெட்டினேன். ‘தேசிங்கு என்பவர் இயந்திரத்தினுள் இறங்கி, சிக்கிய ஐஸ் கட்டியை அகற்றி, சுவிட்சைப் போட்டு, அதில் சிக்கி உயிரிழந்தார்’ என்று எழுதினேன். ஒரே வாக்கியம். கடைசியில் ஒரே முற்று. ஐந்து செயலுக்கும் ஒரே ஆள்.

போலீஸ்காரர் வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்தும் அழகு, தமிழும் அழகு என்றார். பாஸ்கருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மாலையில் உடலைக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை வைத்துத்தான் எல்லாம் முடிந்தது. ஆள் தானே சுவிட்சைப் போட்டுக்கொண்டு மாட்டியிருக்கிறார், சொந்தக் கவனக்குறைவு என்று ஃபேக்டரிக்காரர்கள் சொன்னார்கள். மாதக் கணக்கில் அண்ணி மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவிட்ச் அந்தாண்ட இருக்கிறது, உள்ளே இறங்கிய மனுஷன் கை எப்படி அங்கே போகும் என்று. தெருவில் யாரும் பதில் சொல்லவில்லை. நான், விடு அண்ணி, போனவர் திரும்பி வரப்போவதில்லை என்றேன்.

அவள் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னிடம் கேட்பதை மட்டும்தான் விட்டிருந்தாள்.

3

வெளிநாட்டில் இருப்பது என்றால் படிவம் நிரப்புவது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மருத்துவப் பரிசோதனை. உடன்பிறந்தவர்கள் யாராவது இறந்திருந்தால் காரணம் என்ன என்று ஒரு கட்டம் வரும். விபத்து என்று எழுதுவேன். ஒரு சொல்தான். எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம்.

இங்கே பொது மொழி டோக் பிசின். ஆங்கிலச் சொற்கள் உருமாறி உள்ளூர் மொழிகளோடு கலந்து பிறந்த மொழி. முதல் வருடம் அதில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. நான் தமிழ் பேசுகிற மாதிரியே போய், பார்த்து, கழற்றி, மாட்டினேன் என்று வினைகளை அடுக்குவேன். அந்த மொழியில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஆளைச் சொல்லியாக வேண்டும். நான் போனேன், நான் பார்த்தேன், நான் கழற்றினேன். சொல்லாமல் விட்டால் கேட்கிறவர் விழிப்பார். “ஹுஸாத்?” என்பார். யார் என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்து ஹுஸாத் வாங்கினேன். கம்ப்ரசர் அறையில் சேகர் என்கிற என் பெயர் போய், கொஞ்ச நாள் ஹுஸாத் என்பதே என் பட்டப்பெயராக இருந்தது.

நிலாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவளுக்கு டோக் பிசின் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் பள்ளிக்கூடத்து மொழி. தமிழ்தான் மூன்றாவது. ‘அம்மா சமைச்சு நான் சாப்பிட்டேன்’ என்பாள். அப்படிச் சொல்லக்கூடாது, அம்மா சமைச்சா, நான் சாப்பிட்டேன் என்று சொல் என்பேன். ஏன் கூடாது என்று ஆங்கிலத்தில் கேட்பாள். சமைச்சு என்று சொன்னால் சமைத்ததும் சாப்பிட்டதும் ஒரே ஆள் என்று ஆகிவிடும் என்பேன். ஆனால் நீங்கள் மழை பெய்து ரோடு நிறைஞ்சுது என்று சொன்னீர்களே, மழையும் ரோடும் ஒன்றா என்று ஒருநாள் மடக்கினாள். பதில் தெரியாமல், அது வேறு, இது வேறு என்று சமாளித்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் வருகைப் பதிவுப் பிரிவில் ஹானா என்கிற அம்மா இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல். கடல் வழியாக ஒரு நாள் போனால் வருகிற மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அவர் தாய்மொழிக்குப் பெயர் கோத்தே. காடு என்று பொருளாம். முதல் தடவை கேட்டபோது எனக்கு நூலில் பூவைக் கோத்து என்பதுதான் காதில் விழுந்தது. அதைச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். எங்கள் மொழியில் அதைத்தான் செய்வோம் என்றார். ஒரு கதையில் இருபது வினைகளைக் கூடக் கோத்துக்கொண்டே போவார்கள், கடைசி வினையில்தான் முடிச்சு விழும். ஆற்றில் இறங்கினான், இறங்கி மீனைப் பார்த்தான், பார்த்து, என்று முந்தைய வினையை மறுபடி பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

காசிமேட்டுக் கரையில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அந்த மொழி வராது. டோக் பிசின்தான். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் வெளியே மழையைப் பார்த்தார்.

4

இந்த மார்ச்சில் எங்கள் குளிர் அறையில் ஒரு விபத்து நடந்தது. ஸிபோங் என்கிற தொழிலாளி உள்ளே பெட்டிகளை எண்ணப் போயிருந்தபோது கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

அறிக்கை எழுத வேண்டியவன் நான். பார்த்த ஒரே சாட்சி மாத்தேயு என்கிற முதிய சுமைதூக்கி. டோக் பிசினில், ஸிபோங் உள்ளே போனான், கதவு மூடியிருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஒரு கட்டம். பேனாவை அதன் மேல் வைத்துவிட்டேன். கையெழுத்துக்காகக் கூட வந்திருந்த ஹானா, கொஞ்சம் பொறுங்கள், இவரும் எங்கள் ஊர்க்காரர்தான், எங்கள் மொழியில் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன் என்றார்.

மாத்தேயு தொடங்கினார். அதுவரை திக்கிக்கொண்டிருந்தவர் அந்த மொழியில் தடையில்லாமல் பேசினார். ஓர் இடத்தில் ஹானா கையை உயர்த்தி நிறுத்தினார். மாத்தேயு தலையைக் குனிந்துகொண்டார்.

ஹானா என்னிடம் சொன்னது இதுதான். ஸிபோங் உள்ளே போனான் என்று சொன்ன வினையின் முடிவிலேயே, அடுத்த வினையைச் செய்தது ஸிபோங் இல்லை, வேறு ஆள் என்று வந்துவிட்டது. கதவைச் சாத்தியதை அவர் இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் தெரிந்துவிட்டது.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அவன் வந்து உட்கார்ந்தான் என்றால், வந்தவனே உட்கார்ந்தால் வந்து என்பதற்கு ஒரு விகுதி. வந்தது ஒருவன், உட்கார்ந்தது இன்னொருவன் என்றால் வேறு விகுதி. ஒவ்வொரு வினையைச் சொல்லும்போதும், அடுத்த வினையிலும் இதே ஆளா, ஆள் மாறுகிறதா என்று சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். சொல்லாமல் பேசினால் அது பேச்சாகவே இருக்காது.

“அந்த ஆள் யார் என்று அவர் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்லை. ஆனால் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. இனி நாம் கேட்காமல் இருக்க முடியாது” என்றார்.

கேட்டோம். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், கதவைத் திறந்து போடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்ததால், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் சாத்திவிட்டுப் போயிருந்தாள். மாத்தேயுவின் மருமகள். அதனால்தான் மென்று விழுங்கியிருக்கிறார். அதை எழுதினேன். கைப்பிடி பழுது என்று எனக்கு முன்பே தகவல் வந்திருந்ததையும், நான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டிருந்ததையும் எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஸிபோங்கின் மேல் பழி விழவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஹானா, உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். எங்கள் எச்சத்துக்கு ஆள் கிடையாது, முற்றுக்குத்தான் உண்டு என்றேன். போட்டு என்று சொன்னால் போட்டது நானா, அவனா, அவளா என்று அந்தச் சொல்லில் தெரியாது. பெரும்பாலும் கடைசியில் வருகிற ஆள்தான். சில சமயம் வேறு ஆளாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்றார்.

சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்வோம் என்றேன்.

“கேட்பீர்களா?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சுச்ச போட்டு, மிஷினு சுத்தி, மாட்டிகிச்சி. மூன்று வினை. போட்டது யாரென்று இல்லை. சுற்றியது மிஷின். மாட்டியது அண்ணன். பாஸ்கர் அந்த முதல் இடத்தைக் காலியாக வைத்திருந்தார். அங்கே அண்ணனை உட்கார வைத்தவன் நான்.

5

தெரிந்த பிறகும் மூன்று மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. நிலாவின் நோட்டைப் பார்த்திருக்காவிட்டால் இன்னும் சும்மாதான் இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு மதியம் பாஸ்கருக்குப் போன் செய்தேன். ஊரில் காலை எட்டு மணி. இப்போது அவர் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். அண்ணன் போன ஒரு வருடத்திலேயே ஐஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் எர்ணாவூருக்குப் போய் அண்ணி வீட்டில் மீன் கொடுத்துவிட்டு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் அண்ணனின் கூட்டாளி, விசுவாசமான மனுஷன் என்று தெருவே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குடும்ப விசாரிப்பெல்லாம் முடிந்ததும், அன்றைக்குச் சுவிட்சைப் போட்டது யார் என்று கேட்டேன். நேரடியாக வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

வண்டி எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

“நான்தான் சேகரு” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். தடைக்காலம் முடிந்த முதல் வாரம். வாசலில் ஐஸுக்குப் படகுக்காரர்கள் கூட்டம், ஒரே கத்தல். அண்ணன் உள்ளே இறங்கியபோது, நீ அந்தாண்ட நில், சொன்னால் போடு என்று இவரை மோட்டார் அறைக்கு அனுப்பியிருக்கிறார். கூட்டத்தில் யாரோ ‘போடு’ என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். படகுக்காரர் யாராவது கூடையை வண்டியில் போடச் சொல்லியிருக்கலாம். இவர் அண்ணன் குரல் என்று நினைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வந்தேன். ‘நான்’ங்கிறது மட்டும் வாயில வரல. நீ கேப்பன்னு பாத்துகினு இருந்தேன். நீ பேனாவ புடிச்சிகினு குனிஞ்சிகினே இருந்த. அப்பால நீ எழுதினத படிச்சி காட்டினியா, எனக்கு பாதி புரியல, ஆனா அண்ணன் போட்டாருன்னு நீ எழுதியிருக்கறது புரிஞ்சிச்சி. படிச்சவன், தெரிஞ்சிதான் எழுதறான், என்ன காப்பாத்தறான்னு நெனச்சிகினேன். இத்தினி வருசமா அப்டித்தான் நெனச்சிகினு கீறேன்.”

எனக்கு ஒன்றுமே தெரியாது என்றேன்.

அது அவருக்கு எவ்வளவு பெரிய அடி என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. பத்தொன்பது வருடமாக, தன்னை மன்னித்த ஓர் ஆள் இருக்கிறான் என்று அவர் நம்பியிருந்திருக்கிறார். என் மேல் அவர் வைத்திருந்த மரியாதை, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் விமான நிலையம் வரை வந்து நிற்பது, எல்லாம் அதற்காகத்தான்.

அவர் மேல் கோபம் வருமா என்று எனக்குள்ளேயே பார்த்தேன். வரவில்லை. அண்ணிக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நான் போட்டதை நான்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார்.

6

அன்று சாயங்காலமே போயிருக்கிறார். அமுதாதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவள் இப்போது மாதவரத்தில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். அன்று வீட்டில் இருந்தாள். பாஸ்கர் நாற்காலியில் உட்காராமல் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாராம். முடித்ததும் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா என்று. ‘பாஸ்கரு’ என்று என்னைக் கூப்பிட்டார், அவ்வளவுதான் என்றார் பாஸ்கர். அண்ணி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கிளம்பிய பிறகு எனக்குப் போன் செய்தாள். அண்ணி தானாக என்னைக் கூப்பிட்டது அபூர்வம். எடுத்ததும் சொன்னாள்:

“அவன் தெரியாம போட்டான். நீ உக்காந்து எழுதின. சுச்சு எங்க கீதுன்னு உனக்குத் தெரியாதா சேகரு?”

“தெரியும் அண்ணி.”

“அப்பறம்?”

உடலை வாங்க வேண்டுமே என்ற அவசரம் என்று சொல்லலாம். வயது என்று சொல்லலாம். பாஸ்கரின் பேச்சை நல்ல தமிழாக்குவதில்தான் என் முழுக் கவனமும் இருந்தது. அழகாக எழுதியிருக்கிறாய் என்று அந்தப் போலீஸ்காரர் சொன்னபோது, அண்ணன் பிணமாகக் கிடந்த அந்த மதியத்திலும், எனக்கு ஒரு துளி பெருமை இருந்தது. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

“தன் அப்பா மடத்தனமா செத்தாருன்னு என் பொண்ணு இஸ்கோல்ல சொல்லிகினு வளந்துச்சி” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்தத் தாளைத் திருத்த முடியுமா என்று விசாரித்துப் பார்க்க அமுதாவிடம் சொன்னேன். இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தாள். ஸ்டேஷனில், அவ்வளவு பழைய காகிதம் இங்கே இல்லை, வேறு ஓர் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் ஸ்டேஷனில்தான் இருக்கும் என்றார்கள். எண் இருக்கிறதா, நகல் இருக்கிறதா என்றார்கள். ஒன்றும் இல்லை. நான் எழுதியது எங்கோ செல்லரித்துப் போயிருக்கும். அதன் வேலையை அது எப்போதோ முடித்துவிட்டது.

நிலாவை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக. அவள் பொறுமையாகக் கேட்டாள். ரப்பரால் பழைய இரண்டு வரிகளை அழித்துவிட்டு, வேறு ஒருவர் தெரியாமல் மிஷினை ஓடவிட்டதால் பெரியப்பா இறந்தார் என்று எழுதினாள். முதலில் தப்பாகச் சொன்னது யார் என்று ஆசிரியை கேட்டால் என்ன சொல்வது என்றாள். அப்பா என்று சொல் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

ஹானாவிடமும் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் மொழியில் பேசினாலும் பொய் சொல்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், ஆனால் தெரிந்தே சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். நான் தெரியாமல் சொன்னவன். அது எனக்குச் சாதகமா, பாதகமா என்று இன்னும் விளங்கவில்லை.

பாஸ்கர் எர்ணாவூருக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்பு போலவே மீன் கொடுக்கிறார், அண்ணி வாங்கிக்கொள்கிறாள், சில நாள் காபியும் கொடுக்கிறாள் என்று அமுதா சொல்கிறாள். என் போனை மட்டும் அண்ணி எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் மதியம் கூப்பிடுவேன். முழுசாக அடித்து நின்றுவிடும். விமலா, கொஞ்ச நாள் விடுங்கள், தானாக ஆறும் என்கிறாள். விடு என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனால் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது ஞாயிறு அப்படிப் போனது. போன ஞாயிறு அமுதா எடுத்தாள்.

“சித்தப்பா, அம்மா பக்கத்துலதான் கீறாங்க. பேச மாட்டாங்களாம். நீங்க பேசணுமாம், அவங்க கேப்பாங்களாம். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.”

குக்கர் விசில் ஒன்று கேட்டது. அதை அணைத்தார்கள். தெருவில் ஒரு கண்டெய்னர் லாரி போய்த் தீருகிறவரை காத்திருந்தேன். அதற்குப் பிறகு, அந்தப் பக்கம் அண்ணி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“நான்தான் அண்ணி எழுதினேன்” என்று ஆரம்பித்தேன்.